மைதானத்துப் பூட்டைத் திறந்துவிடுங்கள்

நம் ஊர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஐயாவுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மாவுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுத்தீர்கள். பையில் புகையிலைப் பொட்டலம் வைத்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூவருக்கும் டி.சி. கொடுத்து அனுப்புவது. நாலரை மணிக்கு மேல் மைதானத்தின் கேட்டைப் பூட்டுவது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் பி.இ.டி. பீரியடை இந்தப் பருவம் முழுக்கக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுவது. மூன்றும் பிள்ளைகளின் நன்மைக்கு என்று சொன்னீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னால் வாயை அகலத் திறந்து நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேச முடியாது. அதற்கான காரணமும் இந்த விஷயத்தோடு சேர்ந்ததுதான் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பதினாறு வயதில் விசைத்தறிக்குப் போனேன். தறிப்பட்டறைக்குள் பீடி பற்றவைக்க முடியாது. நூலும் பஞ்சுத் தூசியும் கிடக்கிற இடம், ஒரு பொறி போதும். ஆனால் ராத்திரி ஷிப்டில் கண் அசரக் கூடாது. பாவு நூல் அறுந்தால் உடனே ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். அதனால் அங்கே முக்கால்வாசிப் பேர் வாயில் ஏதாவது ஒன்று அடங்கியிருக்கும். சேர்ந்த முதல் வாரமே பக்கத்துத் தறி அண்ணன் ஒரு சிட்டிகையை என் உள்ளங்கையில் வைத்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தூங்கி விழுந்து கையைத் தறியில் விட்டுவிடுவேனோ என்ற அக்கறைதான். அன்றைக்குத் தொடங்கியது இருபத்து மூன்று வருஷம் நீடித்தது. 2013இல் தமிழ்நாட்டில் குட்காவைத் தடை செய்தார்கள். அதற்கு அப்புறம் பாக்கு ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று தனித்தனியாக வந்தது. இரண்டையும் கையில் கொட்டிக் கலந்து போட்டுக்கொண்டோம்.

முதலில் காரம் தாங்காமல் போனது. ரசம் பட்டால்கூட வாய் எரியும். அப்புறம் கன்னத்தின் உள்பக்கம் தோல் வார் மாதிரி இறுகியது. சோற்றை உருட்டிப் போட முடியவில்லை, விரல் நுனியில் எடுத்துத் தள்ள வேண்டியதாயிற்று. மகள் பிறந்தநாளுக்கு பலூன் ஊதப் போனேன், கன்னம் உப்பவே இல்லை. அரசு பல் மருத்துவமனையில் டாக்டரம்மா என் மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடச் சொன்னார். சாதாரணமாக எல்லாருக்கும் மூன்று விரல் போகும். எனக்கு ஒன்றரை விரலோடு நின்றுவிட்டது. இதைக் கொண்டுவருவது முக்கியமாகப் பாக்குதான், புகையிலை சேர்ந்தால் புற்றுநோய் ஆபத்து இன்னும் கூடுகிறது என்றார். இனிமேல் விட்டுவிட்டால் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், இறுகிய தோல் பழையபடி இளகாது என்றும் சொன்னார். விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

அந்த மூன்று பையன்களின் பையில் கிடைத்தது என்ன என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் கூல் லிப் என்று சொல்கிற, புகையிலை அடைத்த சின்னப் பை. கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. மெல்ல வேண்டாம், துப்ப வேண்டாம், புகை இல்லை. புதினா வாசம் வேறு. வாத்தியார் எதிரில் நின்று பேசுகிறபோதுகூட வாயில் வைத்திருக்கலாம். உதட்டின் உள்தோல் மெல்லியது, நிகோடின் அதன் வழியாக நேரே ரத்தத்தில் இறங்குகிறது. பதினான்கு வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களைவிடச் சீக்கிரமாக அது இந்தப் பழக்கத்துக்கு அடிமையாகிவிடும். 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேள்வி எழுப்பியது. நம் ஊருக்கு மட்டும் வந்த கேடு இல்லை இது. அந்த மூன்று பையன்கள் கண்டுபிடித்ததும் இல்லை.

என் மகனும் ஒன்பதாம் வகுப்புதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, நானும் ரெண்டு தடவை வெச்சுப் பார்த்தேன்" என்று அவனே சொன்னான். என் வாயைப் பார்த்து வளர்ந்தவன். அப்படியும் வைத்துப் பார்த்திருக்கிறான். அடிக்கக் கை ஓங்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அடித்தால் அடுத்த முறை சொல்ல மாட்டான் என்பது அந்த நேரத்தில் எப்படியோ புத்தியில் பட்டது. யார் கொடுத்தது, எங்கே வாங்கினீர்கள், எப்போது என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னான். நீங்கள் பையைச் சோதித்த நாள் இரண்டு மாதம் முந்தியிருந்தால் அந்தப் பட்டியலில் நான்காவதாக அவன் பெயரும் இருந்திருக்கும். இதை எழுதினால் அவனுக்குச் சிக்கல் வருமோ என்று யோசித்தேன். அவனிடமே கேட்டேன். எழுதுங்க என்றான்.

அவன் சொன்னதில் என்னை உறுத்தியது எங்கே என்பதைவிட எப்போது என்பதுதான். சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வீட்டுக்குப் பெரியவர்கள் வருவதற்கு முன்னால். நம் ஊரில் அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். நாலரை மணிக்குப் பையன் வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும், இல்லையென்றால் ராத்திரி ஷிப்டுக்குப் போகிற அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், சத்தம் போடக் கூடாது. எட்டு மணி வரைக்கும் அவன் எங்கே போவான்?

மூன்று வருஷத்துக்கு முன்னால்வரை இதற்கு நம் பள்ளியில் பதில் இருந்தது. அப்போது இருந்த பி.இ.டி. சார் நாலரைக்கு வாலிபால் வலையைக் கட்டுவார். இருட்டுகிற வரைக்கும் ஆட்டம் நடக்கும். இருபது, இருபத்தைந்து பையன்கள் இருப்பார்கள். ஆடத் தெரியாதவனுக்குப் பந்து பொறுக்கிப் போடுகிற வேலை, கோடு போடுகிற வேலை. யாரையும் சும்மா உட்காரவிட மாட்டார். புகையிலையைப் பற்றி அவர் ஒரு நாளும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. "வாயில என்னடா, துப்பிட்டு வா, ரெண்டு ரவுண்டு ஓடு" என்பார், அவ்வளவுதான். ஓடினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் பந்து தவறும். பந்து தவறினால் கூட ஆடுகிறவனே திட்டுவான். இந்தக் கணக்கு பையன்களுக்குத் தானாகப் புரிந்தது. நான் அந்தச் சமயத்தில்தான் பழக்கத்தை விட்டுவிட்டு, வாய் நமநமத்துக்கொண்டு, யார் பேசினாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அந்த மைதானத்துத் திட்டில் வந்து உட்கார்ந்துகொள்வேன். பையில் கிராம்பும் காய்ந்த நெல்லிக்காயும் வைத்திருப்பேன். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம் அந்த நினைப்பே வராமல் ஓடிவிடும். அதற்கு முன்னால் நாலு முறை விட முயன்று தோற்றவன் நான். ஐந்தாவது முறை நின்றதற்குப் பாதிக் காரணம் அந்த மைதானம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த சார் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. வலை ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. முதல் ஆறு மாதம் பையன்கள் தாங்களே ஆடினார்கள். அப்புறம் பந்து கிழிந்தது, வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. ஆட வந்த பையன்கள் வெறுமனே உட்கார ஆரம்பித்தார்கள். உட்கார்ந்த இடத்துக்குப் பொட்டலம் வந்து சேர்ந்தது. மைதானத்தில் தப்பு நடக்கிறது, அதனால் பூட்டுகிறோம் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். ஆட்டம் நடந்தவரைக்கும் அங்கே தப்பு நடக்கவில்லை, ஐயா. ஆட்டம் நின்றதற்குப் பிறகு நடந்தது. பூட்டிவிட்டால் அதே பையன்கள் வாய்க்கால் கரைக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்துக்கும் போவார்கள். போன திங்கட்கிழமை முதலே போகிறார்கள். நான் இரண்டு நாள் வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டி.சி. விஷயத்துக்கு வருகிறேன். என் மனதை அதிகம் அறுப்பது இதுதான். ஒன்பதாம் வகுப்பில் நடத்தை சரியில்லை என்று வெளியே அனுப்பப்பட்ட பையனை நம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளி நடுவருஷத்தில் சேர்த்துக்கொள்ளும்? அந்தப் பிள்ளைகளின் வீட்டை எனக்குத் தெரியும். இரண்டு பேரின் அப்பா என்னோடு தறி ஓட்டுகிறவர்கள். ஒருவனுக்கு அப்பா இல்லை. பத்து நாள் வீட்டில் இருப்பார்கள், அப்புறம் பட்டறைக்கு வருவார்கள். முதலில் தார்க்கட்டையில் நூல் சுற்றுவான், அடுத்து தறியில் நிற்பான். அங்கே முதல் வாரமே யாராவது ஒரு அண்ணன், தூக்கம் வராமல் இருக்க என்று, அக்கறையோடு ஒரு சிட்டிகையை அவன் கையில் வைப்பார். பொட்டலம் வைத்திருந்தான் என்பதற்காக அவனைப் பொட்டலம் இருக்கிற இடத்துக்கே அனுப்புகிறோம். எனக்கு ஆனது அவனுக்கும் ஆகும், இன்னும் இரண்டு வயது குறைவாக.

அவர்கள் செய்தது தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. தண்டனை வேண்டும் என்றால் மைதானத்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், ஒரு மாதம் தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்குள் இருந்தபடி அனுபவிக்கிற தண்டனையாக இருக்கட்டும்.

விற்றவருக்கு என்ன தண்டனை என்று அன்றைய கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. பள்ளி கேட்டிலிருந்து அந்தப் பெட்டிக்கடைக்கு நடந்து எண்ணினேன், அறுபத்திரண்டு எட்டு. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எங்கேயுமே விற்கக் கூடாது என்று 2003ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2015ஆம் வருஷ இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் இருக்கிறது. நர்சிங் படிக்கிற என் மகள்தான் இதையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவளே இன்னொன்றையும் காட்டினாள். 2019இல் நாடு முழுக்க 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு 8.5 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் வாயில் வைக்கிற புகையிலையைப் பயன்படுத்திப் பார்த்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்னாலேயே தொடங்கியவர்கள். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. நாம் ஒன்பதாம் வகுப்பில் பையைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கடைக்காரரும் நமக்கு வேண்டியவர்தான். அவருடைய பேத்தி நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு. நான் போய்ப் பேசினேன். நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான் என்றார். அது பதில் இல்லை என்று அவருக்கே தெரியும், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பெற்றோர் ஒருவன் தனியாகப் போய்ச் சொன்னால் இவ்வளவுதான் நடக்கும். பள்ளியின் பெயரில் எழுத்தில் போனால் காவல் நிலையமும் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் பதில் சொல்லியாக வேண்டும்.

பி.இ.டி. பீரியடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு வாரத்துக்கே இரண்டு பீரியட்தான் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்பதால் பாதிப் பேர் சாப்பிடாமல் வருகிறார்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வெறும் வயிற்றில் வருகிற பையன் இடைவேளையில் அதே பெட்டிக்கடையில் எனர்ஜி டிரிங்க் பாட்டில் ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு வகுப்பில் உட்காருகிறான். ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்தவன் அவன். இந்த வயதில் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். போன் எங்கள் வீட்டுப் பிரச்சினை, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் சாயங்காலம் ஓடியாடி உடம்பு அலுத்து வருகிற நாளில் என் மகன் பத்து மணிக்கு மேல் கண் விழித்து நான் பார்த்ததில்லை.

இந்த மடல் முழுக்கப் பையன்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். பெண் பிள்ளைகளுக்கு அந்த மைதானம் நன்றாக இருந்த காலத்திலும் திறந்திருக்கவில்லை. என் மகள் அங்கே படித்த ஏழு வருஷத்தில் எறிபந்து ஆடியது விளையாட்டு விழா சமயத்தில் மட்டும்தான். பி.இ.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார வைத்து ரெக்கார்ட் நோட் எழுதச் சொல்வார்களாம். அப்போது நானும் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தேன். இப்போது திறக்கிறபோது அவர்களுக்கும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

கழகத்தில் இருக்கிற அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பீடிக்கட்டு வாங்கி வா என்று நாம்தான் பையனைக் கடைக்கு அனுப்புகிறோம். வண்டி பெட்டியில் பொட்டலத்தை வைத்துவிட்டு, சாவியையும் அவனிடமே கொடுக்கிறோம். நான் ஐந்து வருஷத்துக்கு முன்னால்வரை செய்ததுதான், யாரையும் குறைசொல்லி எழுதவில்லை. விட வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னிடம் வாருங்கள். 1800-11-2356 என்கிற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டால் விடுவதற்கு வழி சொல்கிறார்கள். புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அந்த எண் இருக்கும். நான் கூப்பிட்டேன், தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள், ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று அவர்களே கேட்டார்கள். பதினான்கு வயதுப் பையனுக்கும் அந்த எண் பொருந்தும். முதல் மூன்று வாரம் கஷ்டமாக இருக்கும், தலை வலிக்கும், கோபம் வரும். அந்த மூன்று வாரம் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

நான் கேட்பவை இவை.

மூன்று பையன்களின் டி.சி. முடிவை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். அவர்களையும், இதைப் பழகிய மற்றப் பிள்ளைகளையும், பெயர் வெளியே தெரியாமல், மாவட்ட அரசு மருத்துவமனையின் புகையிலை நிறுத்த ஆலோசனைக்கு அனுப்பிவையுங்கள். கூட யாராவது போக வேண்டும் என்றால் நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட்டிப்போகிறேன்.

மைதானத்தைச் சாயங்காலம் ஆறரை வரை திறந்துவையுங்கள். பி.இ.டி. சார் வரும்வரை பெற்றோரில் இரண்டு பேர் முறைவைத்துத் தினமும் அங்கே இருப்போம். பதினோரு பேரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நாலு பேர் அம்மாக்கள், பெண் பிள்ளைகளுக்கான நாட்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வலையை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துக் கொடுங்கள். இரண்டு பந்து நாங்கள் வாங்கிவிட்டோம்.

பி.இ.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். பி.இ.டி. ஆசிரியர் கேட்டு மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கேட்டிலிருந்து 100 கஜத்துக்குள் இருக்கிற கடைகளைப் பற்றிப் பள்ளியின் பெயரில் காவல் நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் புகார் கொடுங்கள். சாட்சி சொல்ல நான் வருகிறேன். அந்த 100 கஜ எல்லையைக் காட்டுகிற மஞ்சள் கோடு அழிந்துபோயிருக்கிறது, அதைத் திரும்பப் போடச் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது, எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். மூன்று விரலை வாயில் விட்டுக் காட்டச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்கிறேன். அப்புறம் என் வாயைக் காட்டுகிறேன். சத்தமாகப் பேச முடியாது, மைக் மட்டும் தந்தால் போதும்.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு அந்தப் பதினோரு பேரும் நானும் கேட்டுக்கு வருகிறோம். சாவியோடு ஒருவரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை, இப்பள்ளியின் முன்னாள் மாணவன்